வழி எங்கே அறுபடுகிறது?

சைக்கிள் பாதைத் திட்டம் என்று எந்த ஊர் அறிவித்தாலும் முதல் வரியில் ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். இத்தனை கிலோமீட்டர் சைக்கிள் பாதை, இத்தனை கிலோமீட்டர் நடைபாதை. அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிடுகிறது. எண் பொய்யாக இருக்காது. போடுவதற்கு எளிதாக இருந்த இடங்களில் எல்லாம் போட்டு, கூட்டிச் சொல்லியிருப்பார்கள். அகலமான சாலையின் ஓரம், ஆற்றங்கரை, பூங்காவைச் சுற்றி. சாலை குறுகும் இடத்தில், பாலம் வரும் இடத்தில், நான்கு சாலைகள் கூடும் இடத்தில் பாதை சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். அதைத் தாண்டியதும் மறுபடி தலைகாட்டும். கணக்கில் அந்த இடைவெளி எங்கேயும் கழிபடுவதில்லை.

தண்ணீர்க் குழாய் போடுகிறவர் நடுவில் ஒரு முழம் விட்டுவிட்டு, "மீதியெல்லாம் முதல் தரக் குழாய்" என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? பாதை விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

நான் பொறியாளர் இல்லை. நடக்கிறவன், சைக்கிள் ஓட்டுகிறவன், வரைபடம் கிடைத்தால் சாப்பாட்டை மறக்கிறவன், அவ்வளவுதான். படித்தது, கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டது, தெருத்தெருவாகத் திரிந்து பார்த்தது எல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரே ஒரு கருத்து கெட்டிப்பட்டிருக்கிறது. நடை வழியும் சைக்கிள் வழியும் திட்டமிடுகிறவர்கள் எங்கே பாதை போடலாம் என்று தேடிக்கொண்டு தொடங்கக் கூடாது. எங்கே வழி அறுபடுகிறது என்று தேடிக்கொண்டு தொடங்க வேண்டும்.

நெதர்லாந்து இதைக் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டது. அந்த நாடு ஆதியிலிருந்தே சைக்கிள் சொர்க்கமாக இருந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார் பெருகியது, சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஒரு மக்கள் இயக்கம் கிளம்பியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுக்கக் கூடாது என்ற நிலை. அரசு அசைந்து கொடுத்தது. 1970களின் நடுவில் தில்பர்க், ஹேக் ஆகிய நகரங்களில் முன்மாதிரி என்று சொல்லி நகருக்கு ஒன்றாக உயர்தரச் சைக்கிள் பாதை போட்டார்கள். பணத்தைப் பற்றி யோசிக்கவில்லை. நகரின் குறுக்கே, அகலமாக, பார்ப்பவர் கண்படும்படி.

பாதை நிறைந்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் மாறி வந்தார்கள். நகரம் முழுக்க எடுத்துப் பார்த்தால், எதிர்பார்த்த அளவுக்குப் புதியவர்கள் சைக்கிளில் ஏறவில்லை. யோசித்தால் வியப்பில்லை. அந்த அருமையான பாதைக்கு வீட்டிலிருந்து போய்ச் சேர வேண்டும், அதிலிருந்து இறங்கி வேலையிடம் போய்ச் சேர வேண்டும். அந்த இரண்டு வால்களும் பழையபடியே கிடந்தன.

அப்புறம் 1980களில் டெல்ஃப்ட் நகரம் வேறு விதமாக முயன்றது. ஒரு பாதைக்குப் பதிலாக நகரின் மொத்த வலையையும் கையில் எடுத்தார்கள். வலையை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறவர்களுக்கான பெரிய வழிகள், ஏறத்தாழ அரை கிலோமீட்டருக்கு ஒன்று. பள்ளிக்கும் கடைக்கும் போகிறவர்களுக்கு 200, 300 மீட்டருக்கு ஒன்று. வாசலிலிருந்து அவற்றைப் பிடிக்க நூறு மீட்டர் அளவில் சின்னஞ்சிறு வழிகள். இதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தது என்பதுதான் சுவாரசியம். வேலை நடந்தது இடைவெளிகளில்: வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை, ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசையில் அனுமதி. அங்கே பயணங்களில் சைக்கிளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியது. மூன்றுதானா என்று கேட்கலாம். ஏற்கெனவே ஐந்தில் இரண்டு பங்கு பயணம் சைக்கிளில் நடந்துகொண்டிருந்த ஊரில், ஒட்டுப்போட்டே இன்னும் மூன்று சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

ஏன் ஒரு அறுபட்ட இடம் முழு வழியையும் கெடுக்கிறது? யாருக்காகப் பாதை போடுகிறோம் என்று கேட்டால் விடை கிடைக்கும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர் ஊர் மக்களை நான்காகப் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுகிறவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஓரளவு வசதி இருந்தால் போதும் என்பவர்கள் 7 சதவீதம். என்ன செய்தாலும் ஏற மாட்டோம் என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மிச்சமுள்ள 60 சதவீதம் பேருக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. முதலில் இது அனுபவத்தை வைத்து அவர் போட்ட உத்தேசக் கணக்குதான். பின்னால் போக்குவரத்து ஆய்வாளர் ஜெனிஃபர் டில் அங்கேயே கணக்கெடுப்பு நடத்திப் பார்த்தபோது ஏறத்தாழ அதே அளவுதான் வந்தது. எல்லா ஊருக்கும் இதே எண் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசையும் பயமும் கலந்த அந்தப் பெரிய நடுக்கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கும் என்று சொல்வேன்.

இந்தக் கூட்டம் ஒரு வழியை எப்படி எடைபோடும்? சராசரி பார்க்காது. வீட்டிலிருந்து பள்ளி வரை இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,900 மீட்டர் மரநிழலில் நிம்மதியாகப் போகலாம்; நூறு மீட்டர் மட்டும் லாரிகளோடு தோளுரசிப் போக வேண்டும். ஒரு தாய் தன் பத்து வயது மகளை அந்த வழியில் தனியாக அனுப்புவாரா? அந்த நூறு மீட்டர்தான் முடிவு செய்கிறது. 2012இல் மெக்குரியா, ஃபர்த், நிக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சான் ஹோசே நகரின் சாலைகளை, ஓட்டுகிறவருக்குத் தரும் மனஅழுத்தத்தை வைத்து நான்கு படிகளாகத் தரம் பிரித்தார்கள். அவர்கள் முறையில் ஒரு வழியின் தரம் என்பது அந்த வழியிலுள்ள மிக மோசமான துண்டின் தரம்தான். கூட்டிக் கழித்துச் சராசரி எடுப்பதே கிடையாது. அப்படிப் பார்த்தபோது நகரின் தெருக்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அமைதியானவைதான் என்று தெரிந்தது. ஆனால் அவை தீவுகளாகக் கிடந்தன. ஒவ்வொரு தீவையும் சுற்றி வேகமான பெருஞ்சாலை. அதைக் கடக்க வழி இல்லை.

எந்த ஊரின் வரைபடத்தை எடுத்தாலும் இந்தத் தீவுகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அகலமான ஒரு பேனா எடுத்துக்கொண்டு ஆறு, தண்டவாளம், நெடுஞ்சாலை, சுற்றுச்சுவர் கட்டிய பெரிய வளாகங்கள் இவற்றை மட்டும் முதலில் கறுப்பாக்குங்கள். ஊர் சில துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். பிறகு அந்தக் கறுப்புக் கோடுகளைக் கடக்கக்கூடிய இடங்களைப் புள்ளியாகக் குறியுங்கள். புள்ளிகள் எவ்வளவு குறைவு என்பது பெரும்பாலும் திடுக்கிட வைக்கும். திட்டத்தின் பாதி வேலை அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. அவற்றுக்கு இடையே உள்ள தெருக்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுற்று. ஒருவர் வீட்டிலிருந்து போகவேண்டிய இடத்துக்கு நேர்க்கோட்டில் அளந்து, பிறகு நடந்து போகும் தூரத்தையும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு எண் வரும். கட்டம் கட்டமாக அமைந்த தெருக்களில் மூலைவிட்டமாகப் போகிறவருக்குக்கூட அது 1.4 அளவுதான். இரண்டைத் தாண்டினால் அங்கே ஏதோ ஒன்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஒரு முட்டுச்சந்து, பூட்டிய ஒரு கதவு, இடைவெளி விடாமல் ஓடும் ஒரு நடுத்தடுப்பு. முட்டுச்சந்தின் கடைசிச் சுவரில் ஆள் நுழையும் அளவு ஒரு வாசல் திறந்தால் சில சமயம் ஒரு தெருவுக்கே அரை கிலோமீட்டர் மிச்சமாகும். பெருந்திட்டங்களில் இதை யாரும் எழுதுவதில்லை, செலவு மிகக் குறைவு என்பதாலேயே.

காரில் போகிறவருக்கு அரை கிலோமீட்டர் சுற்று என்பது ஒரு நிமிடம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஆறு நிமிடம். இந்தச் சிறு கணக்கைப் பொருட்படுத்தாததால்தான் யாரைச் சுற்ற விடலாம் என்ற கேள்விக்குப் பல ஊர்கள் தலைகீழாக விடை சொல்லி வைத்திருக்கின்றன.

வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இறங்கி நடக்க வேண்டும். புல்வெளியின் குறுக்கே மண் தெரியத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை, நடுத்தடுப்பில் கம்பி வளைந்திருக்கும் இடம், வேலியில் பெயர்ந்த ஒரு பலகை. இவையெல்லாம் மக்கள் காலால் போட்ட மனுக்கள். இவற்றைக் கண்டதும் கம்பியை நிமிர்த்தி, வேலியை உயர்த்துவதுதான் வழக்கம். நான் கேட்டால், அந்த இடத்தில் ஒரு கடவையைப் போடுங்கள் என்பேன். ஆபத்து என்று தெரிந்தும் அத்தனை பேர் அங்கேயே கடக்கிறார்கள் என்றால், சரியான இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நடந்து பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதிகாரிகளும் ஆலோசகர்களும் ஆய்வுக்கு வருவது வெளிச்சமான முற்பகலில், கைவீசிக்கொண்டு. அதே வழியை இருட்டிய பிறகு நடந்து பாருங்கள். மழை விட்ட உடனே நடந்து பாருங்கள். எல்லாவற்றையும்விட, சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை அப்படித் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகுதான் நடைபாதை என்பது எத்தனை துண்டுகள் என்று எனக்கு உடம்பில் உறைத்தது. காலால் நடக்கும்போது கண்ணுக்கே படாத நான்கு விரற்கடை உயரம் அப்போது சுவராக நிற்கும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே ஒதுங்காமல் கடக்க ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் வேண்டும். காகிதத்தில் இரண்டு மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு மின்கம்பம் நின்றால் அந்த இடத்தில் மிஞ்சுவது முக்கால் மீட்டர். வழியின் அகலம் அந்த முக்கால் மீட்டர்தான்.

இப்போது சாலையைக் கடப்பதற்கு வருவோம். நடக்கிறவரின் வழி மிக அடிக்கடி அறுபடுவது இங்கேதான். திட்டங்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

பல நாடுகளில் சிக்னலில் பச்சை நேரத்தை, மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களை அளந்து 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8 மீட்டர். 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க முதல் கணக்குப்படி 12 நொடி போதும். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் ஒரு மூதாட்டிக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். மிச்ச ஐந்து நொடியை அவர் எங்கே நிற்பார்? நடுச்சாலையில். ஒருமுறை அப்படி நின்று தவித்தவர் அடுத்த முறை வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். விபத்துக் கணக்கில் அவர் வரவே மாட்டார், ஏனென்றால் அவர் சாலைக்கே வருவதில்லை. 'இந்தச் சந்திப்பில் விபத்தே இல்லை, பாதுகாப்பானது' என்று யாராவது அறிக்கை வாசிக்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும்.

நடை மேம்பாலம் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை. லாரி போக வேண்டும் என்பதால் பாலத்தின் தளம் ஆறு மீட்டர் அளவு உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலியும் சைக்கிளும் சிரமமில்லாமல் ஏற, இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று சாய்தளம் அமைத்தால் ஒரு பக்கத்துக்கு 120 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து, இருபது மீட்டர் சாலையைக் கடக்க 260 மீட்டர் நடை. படிக்கட்டு போட்டால் தூரம் குறையும். ஆனால் முழங்கால் வலிக்காரரும், சக்கர நாற்காலிக்காரரும், குழந்தை வண்டி தள்ளுகிறவரும் அங்கேயே கழன்றுவிடுவார்கள். சுரங்கப்பாதையாவது பரவாயில்லை, சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டரை மீட்டர் உயரம் போதும் என்பதால் பள்ளம் குறைவு, இறங்கும் வேகமே பாதி ஏற்றிவிடும். ஆனால் உள்ளே நுழையும்போதே அந்தப் பக்கத்து வாசல் கண்ணில் தெரிய வேண்டும். வளைவுள்ள சுரங்கப்பாதையில் இரவில் ஒரு பெண் ஏன் இறங்குவார்? உண்மையில் பெரும்பாலான இடங்களில் இரண்டுமே தேவையில்லை. தரையோடு தரையாக ஒரு கடவை, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, வண்டிகளின் வேகத்தைக் குறைக்க ஒரு மேடு, இவை போதும்.

சின்னத் தெரு பெரிய சாலையில் வந்து சேரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக நடைபாதை அங்கே இறங்கி, வண்டிக்கு வழிவிட்டு, மறுபடி ஏறும். கோபன்ஹேகனிலும் நெதர்லாந்து நகரங்களிலும் பல இடங்களில் இதை மாற்றிவிட்டார்கள்: நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதே உயரத்தில், அதே கல்லில் நேராகப் போகின்றன. கார்தான் மேடு ஏறி, அவர்கள் நடுவே மெதுவாக நுழைந்து இறங்க வேண்டும். பலகை வேண்டாம், காவலர் வேண்டாம், யாருக்கு முன்னுரிமை என்று தரையே சொல்லிவிடும். மூலையின் வளைவும் அப்படியே. வளைவு பெரிதாக இருந்தால் கார் வேகம் குறைக்காமல் திரும்பும், நடக்கிறவர் கடக்கவேண்டிய அகலமும் கூடும். மூலையைக் கூராக்கினால் இரண்டும் ஒரே அடியில் குறைகின்றன.

சைக்கிளுக்கு இன்னொரு வகை அறுபடலும் உண்டு: நிற்பது. மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்தால், ஒருமுறை நின்று அதே வேகத்தைப் பிடிக்கும் உழைப்பில் சமதளத்தில் ஏறத்தாழ 80 மீட்டர் ஓட்டிவிடலாம். கிலோமீட்டருக்கு ஐந்து இடத்தில் நிறுத்தினால் கால்கள் 1.4 கிலோமீட்டர் ஓட்டியதாகத்தான் உணரும். 'சைக்கிள்காரர்கள் சிக்னலை மதிப்பதில்லை' என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். மீறுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கோபன்ஹேகன் என்ன செய்தது என்றால், நோரெப்ரோ தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் சைக்கிள் ஓட்டினால் அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சையாகவே வரும்படி நேரத்தை மாற்றி வைத்தது.

சரி, எல்லாத் தெருவிலும் தனிப்பாதை போட இடம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாத் தெருவிலும் தேவையே இல்லை என்பதுதான் விடை. வண்டிகள் குறைவாக, மெதுவாகப் போகும் தெருவில் நடக்கிறவரும் சைக்கிளும் காரும் ஒரே தளத்தில் போகலாம். மெதுவாக என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். ஏன் முப்பது? ஓட்டுநர் ஒரு குழந்தையைப் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி என்று கொண்டால், உலர்ந்த சாலையில் 30இல் போகும் கார் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் போகும் கார் அந்தப் பதின்மூன்றாவது மீட்டரில் இன்னும் பிரேக்கே போட்டிருக்காது. ஒரு நொடியில் அது 14 மீட்டர் கடந்துவிடும். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் முழு வேகத்தில் மோதும். சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், மனிதரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30தான் உச்சவரம்பு என்று சொன்னதன் பின்னணி இதுதான்.

வேகத்தைக் குறைக்கப் பலகை நட்டால் போதாது. தெருவைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வண்டிகளை வெளியே அனுப்ப வேண்டும். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977இல் இதை ஏறக்குறைய ஒரே இரவில் செய்தது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தார்கள். வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளும் நடையும் நேராகப் போகலாம். எந்த வீட்டுக்கும் கார் போக முடியும், ஊடுருவி மறுபக்கம் போகத்தான் முடியாது. வியாபாரிகள் கொதித்தார்கள். ஆனாலும் திட்டம் நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், பெல்ஜியத்தின் கெண்ட் அதே வழியைப் பின்பற்றியது. பூந்தொட்டிகளும் தடுப்புக் கம்பங்களும் போக்குவரத்துப் பலகைகளும் கொண்டு செய்யக்கூடிய வேலை இது. கான்கிரீட் ஊற்றி வருஷக்கணக்கில் கட்டும் பாதையைவிட வேகமாக ஒரு தீவை விரிவாக்கும். தீவுகள் ஒன்றையொன்று தொட்டால் அதுவே வலை.

வண்டிகள் குறைந்தால் தெருவில் வேறு என்ன மாறும்? நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. எதிர்வீடுகூட ஒரு அறுபட்ட வழிதான் போலிருக்கிறது.

நடையையும் சைக்கிளையும் ஒரே பாதையில் திணிப்பது பற்றி ஒரு வார்த்தை. 'பகிர்வுப் பாதை' என்று அழகாகப் பெயர் வைப்பார்கள். கூட்டம் இல்லாத ஆற்றங்கரையில் அது சரிதான். கடைத்தெருவில் அது இரண்டு தரப்பையும் ஏமாற்றும் வேலை. சைக்கிள் நடையைப்போல மூன்று, நான்கு மடங்கு வேகம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும். கண் தெரியாத ஒருவருக்கு அது எப்படி இருக்கும்? ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கிய, கண் தெரியாதவர்கள் காலால் தொட்டு வழி அறியும் புடைப்புக் கல் 1967இல் ஒகயாமாவில் முதன்முதலில் பதிக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் இருக்கிறது. அந்த மஞ்சள் கோட்டையே சைக்கிள் நிறுத்துமிடமாக்கிய ஊர்களையும் பார்த்திருக்கிறேன். சாலையில் இடம் எடுக்கத் துணிவில்லாதபோதுதான் சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இடம் எடுப்பது என்றதும் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிழைப்பு. ஆனால் அவர்கள் ஊகம் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 2006இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கடைத்தெருவில் கேட்டுப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருகிறார்கள் என்றார்கள் கடைக்காரர்கள். எண்ணிப் பார்த்தால் 22 சதவீதம். காரில் வருகிறவர் வாசலிலேயே நிறுத்துவார், இடம் இல்லை என்று புலம்பவும் செய்வார். நடந்து வருகிறவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பே அந்தத் தெருவில் ஒரு சனிக்கிழமை நின்று எண்ணிவிடுவது நல்லது. நெரிசல் பயத்துக்கும் இப்படியே. சாலை இடத்தைக் குறைத்த 70 நிகழ்வுகளைப் பதினொரு நாடுகளிலிருந்து திரட்டிக் கெய்ர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் ஆகியோர் 2002இல் எழுதினார்கள். பயந்த அளவு நெரிசல் பெரும்பாலும் வரவில்லை. வண்டிகளில் ஒரு பகுதி பக்கத்துத் தெருவுக்கும் போகாமல் காணாமலே போயிருந்தது. மக்கள் நேரத்தை மாற்றினார்கள், இடத்தை மாற்றினார்கள், சில பயணங்களை விட்டுவிட்டார்கள்.

மெதுவாக, வருஷத்துக்கு ஒரு துண்டாகப் போடலாமே என்ற யோசனை நியாயமாகத் தோன்றும். எனக்கு அதில்தான் அதிகப் பயம். முதல் துண்டு எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடியும். யாரும் வர மாட்டார்கள். 'போட்டோம், ஆளில்லை' என்று அடுத்த துண்டுக்குப் பணம் நிற்கும். ஸ்பெயினின் செவில்லியா 2006 முதல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தனிப்பாதையை, ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலையாக, சில ஆண்டுகளுக்குள் முடித்தது. நிறுத்துமிடங்களை எடுத்துத்தான் அதைச் செய்தார்கள். ஒரு சதவீதம்கூட இல்லாத சைக்கிள் பயணம் சில ஆண்டுகளில் ஆறு சதவீத அளவுக்கு வந்தது. அங்கே வெயில் கொளுத்தும். சைக்கிள் பழக்கமும் பெரிதாக இருந்ததில்லை. பணம் குறைவென்றால் வலையின் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம்: ஊரின் கால்வாசிப் பகுதியை மட்டும் எடுத்து, அதை முழுமையாக இணைப்பது, ஊர் முழுக்கத் துண்டு துண்டாகத் தூவுவதைவிட மேல்.

பாதை திறந்த பிறகு எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவார்கள். எண்ணட்டும். கூடவே யார் போகிறார்கள் என்றும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: குழந்தைகள் எத்தனை, பெண்கள் எத்தனை, தலை நரைத்தவர்கள் எத்தனை. போகிறவர்கள் எல்லாம் வாலிப வயது ஆண்களாகவே இருந்தால், அந்த வழியில் எங்கேயோ ஒரு இடம் இன்னும் அறுபட்டுக் கிடக்கிறது. எண்ணிக்கைத் தாளை மடித்து வைத்துவிட்டு அதைத் தேடப் போகலாம். பெரும்பாலும் அது ஒரு சந்திப்பாக இருக்கும்.